பிறந்தநாளுக்குச் செய்த சாசேஜ்

இருபத்திரண்டு வருடமாகப் போட்டி, அதாவது மாட்டுக் குடல், கழுவுகிறவன் நான். திருவொற்றியூரில் சாயங்காலமானால் தள்ளுவண்டியில் அடுப்பேற்றி, மாட்டுப் போட்டியும் ஈரலும் வறுத்து விற்பது என் தொழில். காலையில் மாடு அறுக்கும் புளியந்தோப்புத் தொட்டியிலிருந்து குடல் வந்துவிடும். உள்ளே இருப்பதைப் பிதுக்கிவிட்டு, சுண்ணாம்பு தடவி, வெந்நீரில் முக்கி, கத்தியின் முதுகால் கறுப்பைச் சுரண்டி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு ஐந்து தண்ணீர் கழுவினால்தான் எனக்கு மனம் ஒப்பும். அந்த வாடையைத் தாங்க முடியாமல் எங்கள் சந்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள். எனக்கு அது ஒன்றும் செய்ததில்லை. சாப்பிடுகிற சாமான் எதுவும் எனக்குக் குமட்டாது என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் என் தங்கை மூன்று கிலோ சிக்கன் சாசேஜைக் கொண்டுவந்து கொடுத்த பிறகு அப்படி நினைப்பதில்லை.

தங்கை என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் பத்தாவதோடு நின்றேன், அவள் காலேஜ் முடித்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் வியாசர்பாடியில் இருந்துவிட்டு, மாதவரத்தில் ஒரு அடுக்குமாடியில் வீடு வாங்கிப் போனார்கள். மொத்தம் பன்னிரண்டு வீடு. போய் ஒரு வருடமாகியும் மற்ற பதினொரு வீட்டில் ஒருவரும் அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. பொங்கலுக்கு அவள் கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கலைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பைக்கூடையில் அது மூடி திறக்காத டப்பாவோடு கிடந்ததை அவளே பார்த்தாள். அதை என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. டப்பாவை மட்டும் எடுத்து வந்து கழுவி வைத்துக்கொண்டதாகச் சொன்னாள்.

போன வருடம் அவள் மகளுக்குப் பத்து வயது நிறைந்தது. பிள்ளைகள் அடம் பிடித்ததால், பிறந்தநாளுக்கு வருவதாக அம்மாக்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மாடியில் இருக்கும் அம்மாளும் வருவதாக இருந்தது. அவர் சாப்பிட்டால் மற்றவர்களும் சாப்பிடுவார்கள் என்பது தங்கையின் கணக்கு. வேறொரு பிள்ளையின் பிறந்தநாளில் சாசேஜைத் துண்டு துண்டாக வெட்டி, ஏதோ இனிப்புச் சாந்தில் புரட்டி, பல்குத்தும் குச்சி செருகி வைத்தார்களாம். அதற்காகப் பிள்ளைகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டார்களாம். தங்கைக்கு அதேதான் வேண்டும். போனில் வீடியோவைக் காட்டினாள். ஒரு வெள்ளைக்காரப் பெண் சட்டியில் பளபளவென்று எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். வார்னிஷ் அடித்த மரத்துண்டுகள் போல இருந்தது.

"அவங்க நம்ம வூட்ல ஒரு வாய் சாப்டணும்ணா. எனக்கு வேற ஒண்ணும் வோணாம். நீ செஞ்சா தப்பாவாது."

சரி என்று தலையாட்டினேன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள் நான். கடையில்கூட வாடிக்கைக்காரர்களிடம் பேசுவது என் மனைவிதான். என் கண் சட்டியில்தான் இருக்கும். தங்கை புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். அங்கே யாராவது கேட்டால் கேட்டரிங் வேலை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமாம். கடைச் சாமான் எதையும் எடுத்துவர வேண்டாம், புதுச் சட்டியும் கத்தியும் வாங்கி வைத்திருப்பதாகவும் சொன்னாள். அதற்கும் தலையாட்டினேன்.

தங்கை தெருவைத் தாண்டும்வரை என் மனைவி காத்திருந்தாள். பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அவளுக்கு உன் கை வோணும், கடை வோணாம். நீயும் பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டிகினு வந்து குந்திக்கோ."

பிறந்தநாளன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை கொடுத்துவிட்டுப் போன சாசேஜ் பாக்கெட்டைப் பிரித்தேன். முதலில் ஒரு தண்ணீர் வழிந்தது. அது ரத்தமில்லை. ரத்தமாக இருந்தால் எனக்குப் பழக்கம். வெளுத்த, கொழகொழத்த, நனைந்த அட்டைப்பெட்டி வாடை வீசும் தண்ணீர். உள்ளே ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்திருந்தன. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறிய மனித விரல் போன்ற நிறம். தொட்டால் உள்ளே போய்த் திரும்ப வந்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். கோழி வாடை கொஞ்சமும் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அடிக்கும் வாடையில் பூண்டைச் சேர்த்தது போல இருந்தது.

கறிக்கு ஓர் ஓட்டம் உண்டு. நரம்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் கத்தியை வைக்க வேண்டும். இதை எந்தப் பக்கம் வெட்டினாலும் சோப்பு வெட்டுவது போல வெட்டுப்பட்டது. உள்ளே எலும்பில்லை, கொழுப்பில்லை, நாரில்லை. இது ஒரு காலத்தில் நடமாடிய உயிரின் உடம்பு என்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது. என் வாயில் எச்சில் ஊறியது. பசியில் ஊறுகிற எச்சில் இல்லை அது. வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

தோலைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தெம்பு வந்தது. மெல்லிசான, கண்ணாடி போன்ற தோல் ஒன்று மேலே சுற்றியிருந்தது. ஹார்பரில் கப்பல் சமையல்கட்டில் வேலை பார்த்த ஒருவர் முன்பு என் கடைக்கு வருவார். சாசேஜ் என்பது வேறொன்றுமில்லை, குடலைக் கழுவி அதில் கறியை அடைப்பதுதான் என்று அவர் சொன்னது ஞாபகம் இருந்தது. அப்படியானால் இது குடல். குடல் எனக்குத் தெரியும். எவன் எப்படிக் கழுவினானோ என்று நினைத்தேன். வீடியோவில் அந்தப் பெண் கழுவவே இல்லை. அவர்கள் ஊரில் கழுவாமல் தின்பார்கள் போலிருக்கிறது. என் தங்கை வீட்டில் சாப்பிட வருகிறவர்களுக்கு அப்படிக் கொடுக்க முடியாது.

சுண்ணாம்பை லேசாகக் கரைத்துத் தடவினேன். வெந்நீரில் முக்கினேன். கத்தியின் முதுகால், தோல் கிழியாமல், ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஒன்றும் வரவில்லை. ஒரு பிசிறுகூட வரவில்லை. கம்பெனிக்காரன் மிஷின் வைத்துச் சுத்தம் செய்திருப்பான் என்று எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. பிறகு மஞ்சள், கல்லுப்பு, ஐந்து தண்ணீர். பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் இங்கிலீஷில் என்னென்னவோ போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. குடல் கழுவுவதை எனக்குக் காகிதம் சொல்லித் தருமா என்ற நினைப்புதான்.

ஒவ்வொன்றையும் விரல் கணு அளவுக்குத் துண்டு போட்டு, வீட்டுத் தூக்குப்பாத்திரத்தில் அடைத்து, பைக்கில் மாதவரம் போனேன். வழியெல்லாம் டேங்கர் லாரிகள். மணலிப் பக்கத்து ஆலைக் காற்று வழக்கம்போல அடித்தது. அந்தக் காற்றுகூட என் மூக்கில் ஏறியிருந்த பூண்டு வாடைக்குத் தேவலாம் போலிருந்தது.

தங்கையின் சமையல்கட்டு சின்னது, துடைத்து வைத்தாற்போல இருந்தது. மச்சானுக்கு அன்று ஹார்பரில் ஷிப்ட். தங்கை ஹாலில் பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். மேடையில் சாமான்களை வரிசையாக எடுத்து வைத்திருந்தாள். ஒரு பாட்டில் தக்காளி சாஸ், நாட்டுச் சர்க்கரை, தேன், இன்னொரு பாட்டிலில் பார்பிக்யூ சாஸ் என்று கறுப்பாக ஒன்று. அதைத் திறந்தேன். புகை வாடை. எண்ணூர்ப் புகையிலும் லாரிப் புகையிலும் என் அடுப்புப் புகையிலும் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். புகையைப் பாட்டிலில் அடைத்துக் காசுக்கு விற்பார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். வெல்லத்தைத் தாரில் கரைத்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் சட்டியில் கொட்டிக் கொதிக்க விட்டேன். சர்க்கரை இளகி, கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. தார் போடும்போது ரோட்டில் அப்படித்தான் கொப்புளிக்கும். அதில் சாசேஜைக் கொட்டிப் புரட்டினேன். கறியில் சர்க்கரை. எங்கள் வீட்டில் கறியென்றால் மிளகு, மிளகாய், உப்பு, உறைப்பு. கறி இனித்தால் அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் அர்த்தம். கரண்டியைத் தூக்கினால் சாந்து நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. சளி இழுக்கிற மாதிரி. கையில் பட்டது கழுவக் கழுவப் போகவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. எங்கிருந்தோ இரண்டு ஈ வந்துவிட்டது.

என் கடையில் முதல் துண்டை நான் தின்று பார்க்காமல் ஒரு பிளேட்கூட வெளியே போகாது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அது. அன்று என்னால் முடியவில்லை. ஒரு துண்டைக் குச்சியில் குத்தி வாய்வரை கொண்டுபோனேன். திரும்பச் சட்டியிலேயே போட்டுவிட்டேன்.

நாலு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் பன்னிரண்டு, பதிமூன்று பேர். அம்மாக்கள் ஐந்து பேர். நான் சமையல்கட்டிலேயே சுவரோடு ஒட்டி நின்றேன். கேக் வெட்டினார்கள். தங்கை சாசேஜ் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கதவு இடுக்கு வழியாக இரண்டாவது மாடி அம்மாள் தெரிந்தார். மடியில் மூன்று வயது மகன். தங்கை தட்டை அவர் முன்னால் நீட்டினாள். அவர் ஒரு துண்டை எடுத்தார். வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லோரும் எடுத்தார்கள். தட்டு காலியாகி உள்ளே வந்தது, நிரப்பினேன், போனது, மறுபடி வந்தது. பிள்ளைகள் வாயைச் சுற்றிக் கறுஞ்சிவப்பாக அப்பிக்கொண்டு, அந்தக் கையோடு சோபாவையும் சுவரையும் பலூனையும் தொட்டன. சப்பிய குச்சிகள் காகிதத் தட்டில் எச்சிலோடு குவிந்தன. ஒரு பிள்ளை கீழே விழுந்த துண்டை எடுத்து, ஒட்டியிருந்த முடியை உருவிவிட்டு, வாயில் போட்டுக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் தங்கை மூன்றாவது முறை தட்டை நிரப்ப வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அது அப்படி மலர்ந்ததில்லை.

"ரெண்டாவது மாடி அக்கா செய்முறை கேக்கறாங்கணா. தோலு ஜவ்வு மிட்டாயாட்டம் நல்லாருக்காம்."

பின்னாலேயே பிறந்தநாள்காரி வந்தாள். ஒரு துண்டைக் குச்சியோடு என் உதட்டில் இடித்து, மாமா ஆ காட்டு என்றாள். அவளிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. வாயைத் திறந்தேன்.

இனிப்பு முதலில் பல்லில் ஒட்டியது. பிறகு அந்த மாவு போன்ற சதை கரைந்து போனது. ஆனால் ஏதோ ஒன்று மிச்சமிருந்தது. மென்றேன். அறுபடவில்லை. குடல் எவ்வளவு முரடாக இருந்தாலும் நாலு கடிக்கு ஒரு இணுக்காவது விட்டுக்கொடுக்கும். இது நசுங்கி நசுங்கி மறுபடி விரிந்தது. விரலை விட்டு வெளியே எடுத்தேன். மோதிரம் போல ஒரு வளையம். குழாயில் கழுவினேன். கண்ணாடியாக மின்னியது. அடுப்பைப் பற்றவைத்து அதன் நுனியைக் காட்டினேன். குடலாக இருந்தால் முடி பொசுங்கும் வாடை வந்து கருகும். இது சுருங்கி, உருகி, கறுப்பாக ஒரு சொட்டுச் சொட்டியது.

பிளாஸ்டிக். உரித்துப் போட வேண்டிய உறை. அதைத்தான் ஒரு காலை முழுக்கக் கிழியாமல் சுரண்டிக் காப்பாற்றியிருக்கிறேன்.

உடனே வெளியே ஓடினேன் என்று சொன்னால் அது பொய். சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர்கள் சாப்பிட்டாகிவிட்டது. நாளைக்கு வெளியே போய்விடும். யாருக்கும் தெரியாது. தங்கை கேட்டது கிடைத்துவிட்டது. அன்று நான் தொட்டது, மோந்தது எல்லாவற்றையும்விட அருவருப்பானது அந்த நினைப்புதான். இப்போதும் ஞாபகம் வந்தால் வாய் கசக்கிறது.

அப்போது இரண்டாவது மாடி அம்மாளின் சின்னப் பையன் சமையல்கட்டு வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்தான். ஒரு கன்னம் உப்பியிருந்தது. துண்டை அப்படியே அடக்கிக்கொண்டு மெல்லத் தெரியாமல் சப்பிக்கொண்டிருந்தான். துப்பு என்றேன். அவன் இன்னும் சப்பினான். குனிந்து, அவன் வாய்க்குள் என் விரலை விட்டு அதைத் தோண்டி எடுத்துவிட்டேன். அவன் வீறிட்டான்.

அந்த அம்மாள் எழுந்து வந்தார். "என்னங்க பண்றீங்க குழந்தைய?"

ஹாலில் பேச்சு நின்றுவிட்டது. என் கையில் எச்சில் வடியும் துண்டு இருந்தது. தங்கை குறுக்கே வந்தாள்.

"இன்னாணா ஆச்சி?"

அந்த வீட்டில், மற்றவர்கள் முன்னால், அவள் எங்கள் சந்துப் பேச்சைப் பேசி நான் கேட்டதில்லை. தோல் பிளாஸ்டிக், உரிக்காமல் செய்துவிட்டேன், யாரையும் விழுங்க வேண்டாம் என்று சொல் என்று அவள் காதில் சொன்னேன். அவள் என் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரும்பி, வாயில் இருப்பதை எல்லோரும் துப்பிவிடுங்கள் என்று ஹாலைப் பார்த்துச் சொன்னாள்.

துப்பினார்கள். காகிதத்திலும், தட்டிலும், கேக் அட்டையிலும், உள்ளங்கையிலும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வளையத்தை விரலில் மாட்டிக் காட்டிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை நான் ஏழு முழுங்கிட்டேன் என்று பெருமையடித்தது. இன்னொரு பிள்ளை ஓரமாகப் போய் வாந்தி எடுத்தது. கேக்கும் சாந்தும் சேர்ந்த அந்த வாடை ஹால் முழுக்கப் பரவியது. தங்கை பழைய துணியை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து துடைத்தாள்.

"சாசேஜ்ல கவர் இருக்கும்னு தெரியாதா? எந்தக் கேட்டரிங்ல சொன்னீங்க?" என்று அந்த அம்மாள் அவளிடம் கேட்டார்.

ஏதாவது ஒரு கேட்டரிங் பெயரைச் சொல்லிவிட்டு, பணத்தைத் திரும்பக் கேட்கிறேன் என்று தங்கை முடித்திருக்கலாம். அப்படிச் சொல்வாள் என்றுதான் நானும் காத்திருந்தேன்.

"எங்க அண்ணன்தான் அக்கா செஞ்சாரு. தெரியாம ஆயிடுச்சு" என்றாள், தரையைத் துடைத்தபடியே.

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். இவ்வளவு சமைக்கிறவருக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"குடலுன்னு நெனச்சிட்டேன்மா. டெய்லி குடலு கழுவறவன். போட்டிக் கடை வெச்சிருக்கேன்."

"ஆட்டுக் குடலா?"

தங்கையின் கை தரையில் அப்படியே நின்றது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். என் ஆயுள் முழுக்க, கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று தலையாட்டியவன்தானே.

"மாடுமா" என்றேன்.

பொய் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அது முழு நிஜமில்லை. அன்று காலையிலிருந்து தொட்ட எதையும் போலில்லாமல், வெட்கப்படாமல் பேர் சொல்லக்கூடியது என்னிடம் அந்த மாட்டுக் குடல் ஒன்றுதான் என்று அந்த நேரம் எனக்குப் பட்டது. அது என் வீடாக இருந்திருந்தால் அதில் தப்பில்லை. அது அவள் வீடு.

அந்த அம்மாள் வாஷ்பேசினுக்குப் போனார். முதலில் பையனின் வாயைக் கழுவினார். பிறகு தன் வாயைக் கொப்பளித்தார். மறுபடி கொப்பளித்தார். விரலால் நாக்கைத் தேய்த்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். தங்கை எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, அலமாரியைத் திறந்து, மடிப்புக் கலையாத வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையாலும் நீட்டியபடி நின்றாள். அவர் கொப்பளித்து முடிக்கும்வரை நின்றாள்.

அவர் குழாயை மூடினார். துண்டைப் பார்த்தார். தன் துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

வீடு காலியானது. தங்கை மகளைக் கூப்பிட்டு, அந்தத் துண்டை நனைத்து, அவள் கையைத் துடைக்க ஆரம்பித்தாள். சாந்து விரலிடுக்கில் காய்ந்து இறுகியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தேய்த்தாள். வெள்ளைத் துண்டு பழுப்பாகிக்கொண்டே வந்தது. அப்படியும் பிசுபிசுப்பு போகவில்லை.